பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸும் புதிய கிராஃபிக்ஸ் கார்டும்



நம் பள்ளிக் கணினி அறையில் சன்னலோரமாக இருக்கும் 7-ஆம் எண் கணினியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஒரு பக்கத் தகடு இல்லாமல், அட்டையைக் கயிற்றால் கட்டி மறைத்து வைத்திருந்தோமே, அதேதான். இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் அந்தக் கணினிக்கு ஒரு புதிய விருந்தாளி வந்தது. அந்த விருந்தாளியால் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றதையும் இங்கே எழுத முனைகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடந்த தவறு எங்களுடையது, கணினியுடையது அன்று.

அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று சிஸ்டர் கேட்டபோது, “வானத்தைக் காட்டலாம்” என்றோம். காரணம் உண்டு. புதூர்நாட்டில் வாழும் நமக்கு வானம் சொந்தம். நம் ஜவ்வாது மலைத்தொடரிலேயே, ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், வானியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ஆம் ஆண்டு உலகம் அறிந்தபோது, அந்நிகழ்வைக் கண்ட தொலைநோக்கிகளுள் காவலூரில் இருந்ததும் ஒன்று. 1986-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் பிரதமர் இராஜீவ் காந்தி அங்கே திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி, வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்படிப்பட்ட மலையில் பிறந்த நாங்கள் விண்மீன்களைப் பற்றிப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

‘ஸ்டெல்லேரியம்’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. எந்த ஊர், எந்த நாள், எந்த நேரம் என்று சொன்னால், அவ்வேளையில் அவ்வூர் வானம் எப்படி இருக்கும் என்பதைத் திரையில் காட்டிவிடும். 7-ஆம் எண் கணினியில் அதைப் போட்டுப் பார்த்தோம். அக்கணினி 2012-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விண்மீன்கள் நகரவில்லை, நொண்டின. திரையில் தெரியும் படங்களைக் கணக்கிட்டு வரையும் ஆற்றல் அதற்குப் போதவில்லை. அந்த வேலைக்கென்றே தனியாக ஒரு மூளை உண்டு. அதுதான் கிராஃபிக்ஸ் கார்டு. பெங்களூரில் பணிபுரியும் நம் பழைய மாணவி அக்கா ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தாம் பயன்படுத்திய கார்டு ஒன்றை அன்போடு அனுப்பி வைத்தார். இரண்டு விசிறிகள் வைத்த, பளபளவென்ற கார்டு. அதன் மின்தேவை 130 வாட்.

“நம்ம எஸ்.எம்.பி.எஸ். இதைத் தாங்குமா? பார்த்தீங்களா பிள்ளைங்களா?” என்று சிஸ்டர் கேட்டார்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது கணினிப் பெட்டிக்குள் பின்புறமாக இருக்கும் சிறிய தகரப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை வாங்கி, கணினிக்குத் தேவையான குறைந்த மின்னழுத்தமுள்ள நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருவது அதுவே. எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. 130 எங்கே, 450 எங்கே! மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறதே என்று மகிழ்ந்தோம். கார்டின் தலையில் எட்டு முனை கொண்ட மின் இணைப்புக் கேட்டது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அப்படி ஓர் இணைப்பே இல்லை. அதற்கும் வழி கண்டோம். பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்குப் போகும் நான்கு முனை இணைப்பு இரண்டை எட்டு முனையாக மாற்றித் தரும் சிறு கம்பி ஒன்று திருப்பத்தூர்க் கடையில் கிடைத்தது. செருகினோம். கணினி விழித்தது! கைதட்டினோம்.

ஸ்டெல்லேரியத்தைத் திறந்தோம். பால்வீதி தெளிவாக எழுந்து வந்தது. பத்து எண்ணுவதற்குள் கணினி ‘பட்’டென்று அணைந்தது. மீண்டும் போட்டோம், மீண்டும் அணைந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். “மூன்றாம் முறை சரியாகிவிடும்” என்று எங்களில் ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினோம். மூன்றாம் முறை பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. சிஸ்டர் ஓடிவந்து சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். மாற்றுக் கம்பியின் வெள்ளை முனை ஒரு பக்கம் பழுப்பேறி, இளகிப் போயிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையை நகைச்சுவையாகவே எழுதியிருப்போம். அந்தக் கணினியில்தான் விடுதி மாணவியர் 32 பேரின் கல்வி உதவித்தொகை விவரப் பட்டியல் இருந்தது. கணினி திடீர் திடீரென்று அணைந்ததில் அந்தக் கோப்பு கெட்டுவிட்டது, திறக்கவே இல்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. வங்கிக் கணக்கு எண், சாதிச் சான்றிதழ் எண், வருமானச் சான்றிதழ் எண் என்று ஒவ்வொன்றையும் மறுபடி கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. சிலர் வீட்டில் போன் கிடைக்கவில்லை. இரு பெற்றோர் சாமைக் காட்டு வேலையை விட்டுவிட்டு, பாஸ்புத்தகத்தை மடியில் முடிந்துகொண்டு, நடந்தே வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எங்களை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது. இரண்டு மாலைகள் உட்கார்ந்து, வேறு கணினியில் முழுவதையும் தட்டச்சு செய்து முடித்தோம். இப்போது அந்தப் பட்டியல் மூன்று இடங்களில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

பிறகு திருப்பத்தூரிலிருந்து கணினி மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்தார். எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். “பெரிய எழுத்தைப் படிச்சீங்க பாப்பா, சின்ன எழுத்தைப் படிக்கல” என்றார். உண்மைதான். 450 வாட் என்பதன் கீழே ஒரு சிறிய கட்டம் இருந்தது. அதில் மூன்று எண்கள்தாம் முக்கியமானவை. 3.3 வோல்ட்டில் 28 ஆம்பியர். 5 வோல்ட்டில் 30 ஆம்பியர். 12 வோல்ட்டில் 16 ஆம்பியர்.

மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது என்று ‘மின்னோட்டவியல்’ பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? பெருக்கிப் பாருங்கள். 3.3 வோல்ட் வழியில் 92 வாட். 5 வோல்ட் வழியில் 150 வாட். 12 வோல்ட் வழியில் 192 வாட். இவற்றோடு சில்லறையாக வேறு இரு வழிகளில் ஏறத்தாழ 20 வாட். எல்லாம் கூட்டினால் 450 சொச்சம். கடைக்காரர் எழுதியது பொய்யன்று. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டும், கணினியின் மூளையான பிராசஸரும் உணவு உண்பது 12 வோல்ட் வழியிலிருந்துதான். மற்ற வழிகளில் எவ்வளவு மீதம் இருந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை.

இதை நம் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரே தொட்டியிலிருந்து மூன்று குழாய்கள் மூன்று தெருக்களுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். மேல்தெருவில் திருமணம், தண்ணீர் நிறையத் தேவை. கீழ்த்தெருக் குழாயில் தண்ணீர் வீணாக ஓடுகிறது. அதனால் மேல்தெருக் குழாயின் பருமன் கூடிவிடுமா? தொட்டி எவ்வளவு பெரியது என்று கேட்பதைவிட, நம் தெருக் குழாய் எவ்வளவு பருமன் என்று கேட்பதே அறிவுடைமை.

இப்போது எங்கள் கணக்கைப் பாருங்கள். பிராசஸருக்கு 65 வாட், கார்டுக்கு 130 வாட், ஹார்டு டிஸ்க்குக்கும் விசிறிகளுக்கும் சேர்த்து 20 வாட் என்று கொண்டால் 215 வாட். இருப்பதோ 192. வரவுக்கு மிஞ்சிய செலவு! கணினியைச் சும்மா திறந்து வைத்திருந்தபோது கார்டு குறைவாகவே மின்சாரம் எடுத்தது. ஆகையால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றியது. பால்வீதியை வரையச் சொன்னவுடன் முழுப் பசியோடு கேட்டது. மெக்கானிக் அண்ணன் மல்டிமீட்டரை வைத்து எங்களுக்குக் காட்டினார். வேலையில்லாதபோது 12 வோல்ட் கம்பியில் 11.7 இருந்தது. கார்டு வேலை செய்யத் தொடங்கியதும் 11.1-க்கு இறங்கியது. 12 வோல்ட்டில் நூற்றுக்கு ஐந்து ஏற்ற இறக்கம்தான் அனுமதி, அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது.

ஏன் பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள் 12 வோல்ட்டில் இவ்வளவு ஏழையாக இருக்கின்றன? இதற்கு ஒரு வரலாறு உண்டு. எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற கணினியின் எஸ்.எம்.பி.எஸ். மொத்தமே 63.5 வாட் தரக்கூடியது. அக்காலத்துச் சில்லுகள் 5 வோல்ட்டில் ஓடின. 12 வோல்ட் என்பது பெரும்பாலும் டிஸ்க்குகளின் மோட்டாரைச் சுற்றுவதற்கு மட்டும் வேண்டியிருந்தது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் பொது அளவை வகுத்தபோதும் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான் முதன்மை. பிராசஸர்களின் பசி வளர வளர, 5 வோல்ட் வழியில் அவ்வளவு மின்னோட்டத்தை அனுப்புவது கடினமாயிற்று. 60 வாட் வேண்டுமென்றால் 5 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். மலையேறி வரும் மின்கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் வைத்து அனுப்புவதும் இதே காரணத்துக்காகத்தான். எனவே 2000-ஆம் ஆண்டு, பென்டியம் 4 வந்த காலத்தில், பிராசஸருக்கென்று தனி 12 வோல்ட் நான்கு முனை இணைப்பு வந்தது. 2003-இல் இன்னொரு மாற்றம்: மதர்போர்டின் 20 முனை இணைப்பு 24 முனை ஆயிற்று, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வலிமை பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கே மாறியது.

எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முத்திரையில் 2004 என்று இருந்தது. ஆயினும் அது பழைய முறைப்படியே செய்யப்பட்ட 20 முனைக்காரன். கணினி 2012, எஸ்.எம்.பி.எஸ். அதற்கும் எட்டு ஆண்டு மூத்தது! எப்போதோ ஒரு பழுதின்போது வேறொரு கணினியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள். 24 துளையுள்ள மதர்போர்டில் 20 முனையைச் செருகி, நான்கு துளைகளைக் காலியாக விட்டிருந்தார்கள். அந்த நான்கில் ஒன்று 12 வோல்ட்டுக்கான மஞ்சள் கம்பி. 24 முனையில் மஞ்சள் கம்பிகள் இரண்டு. 20 முனையில் ஒன்றே ஒன்று. கிராஃபிக்ஸ் கார்டு, மதர்போர்டின் நீண்ட துளை வழியாக மட்டும் 75 வாட் வரை எடுக்க உரிமையுண்டு. அதில் 66 வாட் 12 வோல்ட்டில். அதாவது 5.5 ஆம்பியர். அதை அந்த ஒற்றை மஞ்சள் கம்பி சுமக்க வேண்டும். (கம்பிகளின் நிறத்தை நினைவில் வையுங்கள்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு பூமி.)

இனி, தீய்ந்து போன மாற்றுக் கம்பிக்கு வருவோம். கார்டின் தலையில் உள்ள ஆறு முனை இணைப்பு என்றால் 75 வாட், எட்டு முனை என்றால் 150 வாட் வரை தரலாம் என்பது விதி. முறையாகச் செய்யப்பட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எட்டு முனைக்கு மூன்று மஞ்சள் கம்பிகள் வரும், சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். நாங்கள் செய்தது என்ன? ஒரே கம்பி வரிசையில் இருந்த இரண்டு ஹார்டு டிஸ்க் இணைப்புகளை எடுத்து மாற்றுக் கம்பியில் செருகினோம். பார்ப்பதற்கு இரண்டு இணைப்பு. ஆனால் பெட்டியிலிருந்து வெளியே வருவது ஒரே மஞ்சள் கம்பி! ஒரு ஆற்றிலிருந்து இரண்டு வாய்க்கால் வெட்டினால் ஆற்றில் தண்ணீர் இரட்டிப்பாகாது.

ஜூல் வெப்ப விதியை மனப்பாடமாகச் சொல்வோம்: கம்பியில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சொன்னோமே தவிர, அது எங்கள் மேசைமேல் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. ஹார்டு டிஸ்க்குக்காக ஏறத்தாழ 1 ஆம்பியர் ஓடிய மெல்லிய கம்பியில் இப்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் ஓடியது. ஏழு மடங்கு மின்னோட்டம். ஏழேழு நாற்பத்தொன்பது மடங்கு வெப்பம். அதிலும் இணைப்பின் முனை தளர்ந்திருந்தால் அவ்விடத்தில் மின்தடை கூடும்; வெப்பம் அங்கேயே குவியும். ஆகவேதான் கம்பியின் நடுவில் உருகாமல், முனையில் உருகியது. புதிய ஹார்டு டிஸ்க்குகளுக்கான தட்டையான ‘சாட்டா’ இணைப்பிலிருந்து எட்டு முனைக்கு மாற்றும் கம்பிகளும் கடைகளில் விற்கின்றன. அவை இன்னும் மோசம். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். 54 வாட் தாங்குவதன் தலையில் 150 வாட் கேட்கும் தொப்பியை வைப்பது எப்படி இருக்கும்!

மாற்றுக் கம்பி, முனையின் வடிவத்தை மாற்றும், மின்சாரத்தை உண்டாக்காது. கடையில் அதைக் கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வெளியுலகிலும் இப்படி நடந்திருக்கிறது என்று அறிந்தபோது எங்களுக்குச் சற்றே ஆறுதல். 2022-இல் வெளியான ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் கார்டின் மின்தேவை 450 வாட். 1981-ஆம் ஆண்டுக் கணினியைப் போல் ஏழு கணினிகளுக்கு வேண்டியதை இந்த ஒரு கார்டே உண்கிறது. அதற்காக வகுக்கப்பட்ட புதிய சிறிய இணைப்பு சிலருடைய கணினிகளில் உருகியது. பெரும்பாலும் அது முழுமையாக உள்ளே செருகப்படாததே காரணம் என்று என்விடியா நிறுவனம் அறிவித்தது. 2023-இல் அந்த இணைப்பைத் திருத்தி அமைத்தார்கள். புதிய பொருளாக இருந்தாலும் முனை சரியாக அமராவிட்டால் நெருப்புத்தான்.

இன்னொரு நுட்பம். கார்டின் பெட்டியில் எழுதியிருக்கும் 130 வாட் என்பது சராசரிதான். ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு அது அதைவிட மிக அதிகமாக இழுக்கும். அடுத்த கணமே அடங்கிவிடும். மூச்சுப் பிடித்து மூட்டை தூக்குகிறவர் போல என்று சொல்லலாம். பழைய எஸ்.எம்.பி.எஸ். இந்தத் திடீர் இழுப்பைக் கண்டு, ‘ஏதோ விபத்து’ என்று எண்ணித் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் அளவின்படி செய்யப்பட்ட பெரிய எஸ்.எம்.பி.எஸ்.கள், தம் அளவைப்போல் இரு மடங்கு இழுப்பை ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்கியாக வேண்டும். எங்கள் 2004-ஆம் ஆண்டுப் பெரியவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

வயது என்பதும் உண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் உருளை வடிவ மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல மெல்ல உலரும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. அதோடு, 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் தரமற்ற திரவம் நிரப்பிய மின்தேக்கிகள் உலகெங்கும் பரவி, ஏராளமான கணினிகள் பழுதாயின. மெக்கானிக் அண்ணன் மூடியைக் கழற்றிக் காட்டியபோது, இரண்டு மின்தேக்கிகளின் தலை பூரி போல உப்பியிருந்தது. விசிறியில் இருபது ஆண்டுத் தூசி. ஒரு பல்லியின் எலும்புக்கூடும் இருந்தது. அதைப் பற்றி விலங்கியல் மாணவியர் தனியே கட்டுரை எழுதலாம்.

நம் மலையின் மின்சாரத்தையும் சொல்லவேண்டும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது மின்னழுத்தம் இறங்கும். அப்போது எஸ்.எம்.பி.எஸ். அதே வேலையைச் செய்ய, சுவரிலிருந்து அதிக மின்னோட்டத்தை இழுக்கும், அதிகம் சூடாகும். சிலர், பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் இருப்பதைப் பார்த்து, மின்னழுத்தம் குறையும்போது அதை 115-க்குத் தள்ளலாம் என்று நினைக்கிறார்கள். தோழியரே, வேண்டவே வேண்டாம்! அது வேறு நாட்டு மின்சாரத்துக்கானது. நம் நாட்டில் அதைத் தள்ளினால் வெடிச் சத்தத்தோடு புகை வரும்.

பழைய எஸ்.எம்.பி.எஸ். என்றாலே ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2010-இல் வாங்கியதாயினும், 12 வோல்ட்டில் 34 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது 408 வாட். கார்டுக்கான ஆறு அல்லது எட்டு முனையும் அதிலேயே இருந்து, உள்ளே மின்தேக்கிகள் நலமாக இருந்தால், எங்கள் கார்டு அதில் இனிதே ஓடும். 12 வோல்ட் இரண்டு மூன்று பிரிவாக எழுதியிருந்தால் மட்டும் எண்களை அப்படியே கூட்டிவிடாதீர்கள். அருகிலேயே ‘சேர்த்து இத்தனை வாட்’ என்று இருக்கும், அதையே கணக்கில் கொள்ளுங்கள். அதுபோல, சிறிய கார்டுகளும் உண்டு. 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 வகையில் பல, 75 வாட்டுக்குள் அடங்கித் தனி இணைப்பே கேட்பதில்லை. எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு அதைக் கூட்டிப் பார்த்தோம்: 65, 75, 20, மொத்தம் 160. தாளில் தேறியது. “தாள்ல தேறும் பாப்பா, உப்பின தலையை வெச்சுக்கிட்டு நான் மாட்ட மாட்டேன்” என்று மெக்கானிக் அண்ணன் மறுத்துவிட்டார்.

ஆக, எந்தக் கார்டாக இருந்தாலும் புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கியே தீரவேண்டும். விலை நான்காயிரத்தைத் தாண்டியது. விளையாட்டு விழா அன்று சாமை முறுக்கும் சாமைப் பாயசமும் செய்து விற்றோம். பாதி தேறியது. மீதியைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டோம். புளி விற்ற காசிலிருந்து கொடுக்கிறவர்களிடம் கேட்கிறோம் என்பதால், நடந்ததை மறைக்காமல் முழுவதும் சொல்லிவிட்டே கேட்டோம்.

அக்கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “450-ஐ எடுத்துட்டு 550 வாட் வெச்சா கரண்ட் பில்லு ஏறாதாம்மா?” என்று கேட்டார். அருமையான கேள்வி. 550 வாட் என்பது அது தரக்கூடிய எல்லை. எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கும் அளவன்று. கணினி கேட்பதை மட்டுமே கொடுக்கும். பெரிய பானை வைத்திருப்பதால் அரிசி அதிகம் செலவாகிவிடாது. உண்மையில் பில் குறையும். 200 வாட் வெளியே தருவதற்கு, நூற்றுக்கு எழுபது திறனுள்ள பழைய பெட்டி சுவரிலிருந்து 286 வாட் எடுக்கும். மீதி 86 வாட் வெறும் சூடு. நூற்றுக்கு எண்பத்தைந்து திறனுள்ள புதியது 235 வாட்தான் எடுக்கும். 2004 முதல் ‘80 பிளஸ்’ என்னும் முத்திரை வழங்கப்படுகிறது. நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாத திறனைச் சோதித்துத் தரும் முத்திரை அது. வாங்கும்போது அதையும் பார்த்தோம்.

புதிய பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 44 ஆம்பியர், 528 வாட். எட்டு முனை இணைப்புகள் இரண்டு வகை வந்தன. ஒன்று பிராசஸருக்கு, மற்றது கார்டுக்கு. பார்ப்பதற்கு அக்கா தங்கை போல இருக்கும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் பக்கம் மற்றதில் பூமி இருக்கும். முனைகளின் வடிவம் வேறுபட்டிருப்பதால் மாற்றிச் செருக இடம் தராது. வலுக்கட்டாயமாக அழுத்தினால்தான் ஆபத்து. ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும்வரை நேராகச் செருகினோம். இம்முறை மல்டிமீட்டரை எங்கள் கையில் கொடுத்தார் மெக்கானிக் அண்ணன். வேலையில்லாதபோது 12.1, பால்வீதி ஓடும்போது 12.0.

கண்காட்சி நாளில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைத் திரை நிறையக் காட்டினோம். மலைக் கிராமத்திலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த பாட்டி ஒருவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இது ராவானா எங்க வூட்டு மேலயே தெரியுதே, இதுக்கு எதுக்கும்மா கரண்டு?” என்றார். சிஸ்டர் சிரித்துவிட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பழைய எஸ்.எம்.பி.எஸ். இப்போது இயற்பியல் ஆய்வகத்தில் மூன்றாம் அலமாரியில் இருக்கிறது. இளகிப்போன மாற்றுக் கம்பியும் அருகிலேயே இருக்கிறது. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். சின்ன எழுத்தை எங்கே தேடுவது என்பதை நாங்கள் காட்டுகிறோம். உள்ளிருந்த மின்தேக்கிகளின் மின்னூட்டத்தை மெக்கானிக் அண்ணன் முறைப்படி நீக்கிவிட்டார். உங்கள் வீட்டிலோ வேறெங்கோ இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் 325 வோல்ட் வரை சிறிது நேரம் தங்கியிருக்கும்.